சர்வோ அசைஞ்சா சிக்னல் அவுட்டா?

ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்குதா மக்களே? ரிமோட் பட்டனைத் தட்டினா குட்டிக் கதவு திறக்கணும். அர்டுய்னோ உனோ, 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர், சின்ன சர்வோ மோட்டார்... எல்லாம் ரெடி. தனித்தனியா ஓட்டினா ரெண்டும் சமத்து. சேர்த்தா மட்டும் கீரியும் பாம்பும்! உடனே 'மாட்யூல் புட்டுக்கிச்சு'ன்னு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறிடாதீங்க. புதுசு வாங்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான். சண்டை ரெண்டே விஷயத்துக்கு: டைமர், கரன்ட்.

ப்ரோகிராம் கம்பைலே ஆகாம, 'மல்டிபிள் டெஃபனிஷன்'னு எரர் வருதா? அது டைமர் தகராறு. உனோவில் இருக்கிற ஏடிமெகா328பி சிப்பில் டைமர்கள் மூணே மூணு. சர்வோவுக்கு 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை, சுமார் 1 முதல் 2 மில்லி செகண்ட் நீளமுள்ள பல்ஸ் போகணும். அதுக்காக சர்வோ லைப்ரரி டைமர்1-ஐ எடுத்துக்கும். ரேடியோஹெட் லைப்ரரியின் ஏஎஸ்கே டிரைவரும் பிட்களை அளக்க அதே டைமர்1-ஐத்தான் கேட்கும். ஒரே பஸ் சீட்டுல ரெண்டு பேர் கர்ச்சீஃப் போட்ட கதை! சர்வோடைமர்2 லைப்ரரிக்கு மாறிடுங்க, சீட் பிரச்னை தீர்ந்தது. ஆனா, அதுல கோணத்தைக் கொடுக்கக் கூடாது, மைக்ரோ செகண்ட்தான். நடு நிலைக்கு 90 இல்லை, 1500.

கம்பைல் ஆகுது, சர்வோ அசைஞ்சதும் சிக்னல் போகுதா? இது கரன்ட் தகராறு. சர்வோ கிளம்பும்போது திடீர்னு நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் இழுக்கும். 5 வோல்ட் சரியும். ரிசீவர் குழம்பும், இல்லேன்னா போர்டே ரீசெட் ஆகும். கண்டுபிடிக்க ஒரு சின்ன டிரிக்: செட்டப் பகுதியில் சீரியல் மானிட்டருக்கு 'வணக்கம்'னு ஒரு வரி அனுப்புங்க. சர்வோ அசையும்போதெல்லாம் வணக்கம் வந்தா, ரீசெட்தான்.

மருந்து? சர்வோவுக்குத் தனியா நாலு ஏஏ செல். செல்லோட மைனஸையும் உனோவோட கிரவுண்டையும் கண்டிப்பா இணைக்கணும். இல்லேன்னா சிக்னல் ஒயர் சொல்றது சர்வோவுக்குப் புரியாது, நடுங்கிக்கிட்டே இருக்கும். சர்வோவுக்குப் பக்கத்துல 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டா இன்னும் நல்லது. பிளஸ், மைனஸ் மாத்திடாதீங்க பாஸ்!

ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். மாத்தி ஓட்டிப் பார்த்துட்டு அடுத்ததுக்குப் போங்க. எல்லாத்தையும் ஒரே ராத்திரியில மாத்தி எப்படியோ ஓட வெச்சா கதவு திறக்கும். ஆனா, வைவாவுல எக்ஸ்டர்னல் 'ஏன் தனி பேட்டரி?'ன்னு கேட்பாரே... வாய் திறக்கணுமில்ல!