பவர் வீடரில் பெட்ரோல் கசிகிறதா? முதலில் இன்ஜின் ஆயிலைப் பாருங்கள்

பண்ருட்டி பக்கத்திலிருந்து கரும்பு விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: களை எடுக்கும் பவர் வீடரை இரவில் மாட்டுக் கொட்டகையில் நிறுத்துகிறார். காலையில் கார்புரேட்டருக்குக் கீழே தரை நனைந்து பெட்ரோல் வாடை அடிக்கிறது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. ஆனால் அதற்கு முன் இரண்டு காரியங்கள். முதலாவது, வண்டியை உடனே கொட்டகையை விட்டு வெளியே எடுத்து விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவும். சற்றுத் தள்ளி எரியும் அடுப்போ, ஒரு பீடியோ, மின் சுவிட்சில் எழும் பொறியோ போதும். கட்டிப்போட்ட மாடு ஓட முடியாது.

இரண்டாவது, இன்ஜினை ஓட்டுமுன் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அளவு கூடியிருந்தாலோ, ஆயில் தண்ணீர்போல் இளகிப் பெட்ரோல் வாடை அடித்தாலோ, கசிந்த பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பிஸ்டன் தேய்ந்து இன்ஜினே போய்விடும். கயிறு இழுபடாமல் இறுகி நின்றால் பலம் கொடுத்து இழுக்க வேண்டாம். சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்திருக்கலாம். கசிவைச் சரிசெய்து, புது ஆயில் ஊற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. அதற்குள் ஒரு மிதவை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து குழாயை அடைப்பதுபோல, பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலெழுந்து ஒரு ஊசியால் வழியை அடைக்கும். பழைய அம்பாசடர் காரிலும் இதே ஏற்பாடுதான். அதனால் எங்கே நனைகிறது என்று தெரிந்தால் பழுது எது என்று தெரிந்துவிடும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பின், திறந்த வெளியில், கார்புரேட்டரைத் துணியால் காயத் துடையுங்கள். இணைப்புகளின் மேல் வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்து, பெட்ரோல் டேப்பைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள். முதலில் நிறம் மாறும் இடமே கசியும் இடம்.

ரப்பர் குழாய் நனைந்தால், வெடிப்போ தளர்ந்த கிளிப்போ காரணம். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி நனைந்தால், உள்ளிருக்கும் ரப்பர் வளையம் கெட்டிருக்கிறது. அடிப் போல்ட்டில் சொட்டினால் வாஷர். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் உப்பியோ இறுகியோ போவதுண்டு.

ஏர் பில்டர் பக்கம் வழிந்தால் ஊசி அடைக்கவில்லை என்று பொருள். கிண்ணத்தை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். சிக்கிய தூசி நகர்ந்து கசிவு நிற்கலாம். நிற்காவிட்டால் டேப்பை மூடி, கிண்ணத்தைக் கழற்றுங்கள். மிதவையைக் காதருகே ஆட்டும்போது உள்ளே சலசலத்தால் அது ஓட்டை. ஊசியின் கூர் முனையில் வளையம்போல் தேய்மானம் தெரிந்தால் புது ஊசி போடுங்கள். ஊசி அமரும் இடத்தை மெல்லிய துணியால் மட்டும் துடையுங்கள்; உப்புத்தாள் வேண்டாம். ஜெட்டின் துளையில் கம்பி விட்டுக் குத்தவும் கூடாது. துளை பெரிதானால் பெட்ரோல் செலவு கூடும்.

ஊசி, வளையம், வாஷர் எல்லாம் சேர்ந்தாலும் புது கார்புரேட்டர் விலையில் சிறு பங்குதான் ஆகும். மாதிரிக்குப் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் வாங்குங்கள். புது ஊசி போட்டும் வழிந்தால், ஊசி அமரும் இடமே தேய்ந்திருக்கலாம். அப்போது மெக்கானிக் சொன்னதே சரி. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை நீங்களே திறக்க வேண்டாம்; வாங்கிய கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.

புல்வெட்டும் கருவி போன்ற டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பலவற்றில் மிதவை கிடையாது. மெல்லிய சவ்வு இருக்கும். அவற்றுக்கு இந்தச் சோதனை முழுதும் பொருந்தாது.

பழுது பார்த்த பிறகும் ஒரு பழக்கம் வேண்டும். வேலை முடிந்ததும் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால், டேப்பை மூடியபின் இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். அதில் தேங்கும் பெட்ரோல்தான் நாளடைவில் பிசினாகி ஊசியைப் பிடித்துக்கொள்கிறது. வண்டி நிற்கும் இடம் அடுப்புக்கும் மாட்டுக்கும் தள்ளியே இருக்கட்டும்.