சிக்னல் இல்லாத வகுப்பறைக்கு உலாவி நீட்சிகள்

உலாவி நீட்சி என்பது குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகளோடு சேர்ந்து இயங்கும் சிறு மென்பொருள். ஆசிரியர்களுக்கென்று பரிந்துரைக்கப்படும் நீட்சிகளில் பல, பிள்ளைக்கொரு கணினியும் அறுபடாத இணையமும் உள்ள வகுப்பறையை நினைத்துச் செய்யப்பட்டவை. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, வஸ்கமுவ தேசியப் பூங்காவை அண்டிய வில்கமுவ போன்ற கிராமப்புறங்களில் தேவை வேறு. டேட்டாவை மிச்சம் பிடிக்க வேண்டும். சிக்னல் போனாலும் பாடம் நிற்கக் கூடாது.

இதற்கு மிகவும் உதவுவது 'சிங்கிள்ஃபைல்'. திறந்திருக்கும் பக்கத்தில் அதன் பொத்தானை அழுத்தினால் எழுத்து, படம், அமைப்பு எல்லாம் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படும். விக்கிப்பீடியாவின் மகாவலி ஆறு பற்றிய பக்கத்தை ஆசிரியர் இரவில் சேமித்து, பென் டிரைவில் எடுத்துப்போய், காலையில் பாடசாலைக் கணினியில் இணையமே இல்லாமல் திறக்கலாம். காணொளிக்கு மட்டும் இது கைகொடுக்காது. பக்கம் பக்கமாகச் சேமிப்பது போதாது என்றால் 'கிவிக்ஸ்' என்ற மென்பொருள் இருக்கிறது. தமிழ், சிங்கள விக்கிப்பீடியாக்களை முழுமையாக ஒருமுறை தரவிறக்கிவிட்டால், பிறகு இணையம் தேவையில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் பிடிஎஃப் கோப்புகளாகவே கிடைப்பதால் அவற்றுக்கு எந்த நீட்சியும் வேண்டாம்.

அடுத்தது விளம்பரத் தடுப்பான். பெரிய திரையில் பாடம் நடக்கும்போது பிள்ளைகள் முன் பொருந்தாத விளம்பரம் வராமல் காப்பதோடு, டேட்டாவையும் அது சேமிக்கிறது. ஃபயர்பாக்ஸில் 'யூபிளாக் ஆரிஜின்' முழுமையாக இயங்குகிறது; குரோமில் இப்போது அதன் 'லைட்' வடிவமே உண்டு. கைப்பேசி மட்டுமே வைத்திருக்கும் ஆசிரியர் கவனிக்க வேண்டியது: ஆண்ட்ராய்டு குரோம் நீட்சிகளை ஏற்பதில்லை, ஃபயர்பாக்ஸ் ஏற்கும்.

நீட்சி கேட்கும் அனுமதியைப் படிக்காமல் சம்மதிப்பது ஆபத்து. எல்லாத் தளங்களிலும் உள்ள தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி பெற்ற நீட்சி, மாணவரின் பெயரையும் புள்ளிகளையும்கூடப் பார்க்க முடியும். நல்ல பெயரெடுத்த நீட்சியும் கைமாறலாம். இலட்சக்கணக்கானோர் பயன்படுத்திய 'தி கிரேட் சஸ்பெண்டர்' 2020இல் வேறு கைக்குப் போனது. தீங்கு நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பெப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. பாடசாலைக் கணினியில் இரண்டு மூன்று நீட்சிகள் போதும். பயன்படாதவற்றைத் தவணை முடிவில் ஆசிரியர்கள் நீக்கிவிட வேண்டும்.