கொடுக்கும் கையும் கெடுக்கும் கொற்றமும்

மணி ஒலிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் அல்ல. ஆயினும் ஆலயத்தை அடுத்த மண்டபத்திலே மக்கள் வரிசையாக நிற்கின்றனர்! தொழ வந்தவர்களா? அல்ல. பாட வந்தவர்களா? அல்ல. பசி போக்கப் பை பெற வந்தவர்கள்! அவர்தம் கையிலே வேதப் புத்தகம் இல்லை. வறுமைக்குச் சான்று கூறும் சீட்டு இருக்கிறது.

எந்த நாட்டிலே இந்தக் காட்சி? பஞ்சம் பாழாக்கிய பாலை நாட்டிலா? அல்ல, அல்ல! கதிரவன் மறையாத பேரரசு எமது என்று மார்தட்டிய இங்கிலாந்திலே!

சாலிஸ்பரி என்னும் ஊர். வானளாவிய கோபுரத்துக்குப் பெயர்பெற்ற பேராலயம் உள்ள ஊர். அங்கே பாடி ஹெண்டர்சன், கரோல் ஹெண்டர்சன் என்ற தம்பதியர், 1997-இல் ட்ரசல் அறநிலையத்தைத் தொடங்கிப் பல்கேரிய நாட்டுச் சிறார்க்கு உதவி வந்தனர். கடல் கடந்து உதவுகிறீர். உம் ஊரிலேயே என் பிள்ளைகள் பட்டினியோடு படுக்கச் செல்கின்றனரே என்று ஒரு தாய் முறையிட்டாள். 2000-ஆம் ஆண்டு, தம் வீட்டுத் தோட்டக் கொட்டகையிலே உணவு வங்கியைத் தொடங்கினர் அந்தத் தம்பதியர்.

பணம் போடும் வங்கி பார்த்திருக்கிறோம்; இது பருப்பும் பாலும் போடும் வங்கி! ஊரார் தரும் டப்பா உணவு, அரிசி, தேயிலை ஆகியவற்றை ஆலயத்தார் அடுக்கி வைக்கின்றனர். மருத்துவரோ, நல அலுவலரோ, பள்ளி ஆசிரியரோ சீட்டு எழுதித் தந்தால், மூன்று நாளைக்கேனும் போதுமான உணவு கிடைக்கும்.

ஆசிரியர் என்ற சொல்லருகே என் எழுதுகோல் நின்றுவிட்டது. நானும் ஆசிரியன். எழுதப் படிக்கக் கற்பிப்பது என் தொழில். ஆங்கே என் போன்றவன், மாணவன் வாடிய முகம் கண்டு, இவன் வீட்டிலே அடுப்பு எரியவில்லை என்று சீட்டும் எழுத வேண்டியிருக்கிறது! பாடம் எழுதும் கை பசிக்குப் பரிந்துரை எழுதும் அந்த நொடியிலே, அந்த ஆசிரியன் நெஞ்சம் என்ன பாடுபடும்!

2010-11-இலே ஏறத்தாழ 61,000 பேருக்கு மூன்று நாள் உணவு தந்தது அந்த அறநிலையம். 2023-24-இலே தந்த பைகள் 31 இலட்சத்துக்கு மேல்! அவற்றுள் 11 இலட்சத்துக்கு மேற்பட்டவை குழந்தைகளுக்கு!

இதனைக் கண்டு ஆள்வோர் தலைகுனிந்தனரா? இலவசமாகக் கிடைத்தால் கேட்போர் தொகை பெருகத்தானே செய்யும் என்ற பொருள்பட 2013-இல் பிரபுக்கள் சபையிலே பேசினார் நலத்துறை அமைச்சர் ஒருவர். உணவு வங்கிகளுக்கு மக்கள் தரும் ஆதரவு உள்ளத்துக்கு ஊக்கமளிக்கிறது என்று 2017-இலே பூரித்தார் ஜேக்கப் ரீஸ்-மாக் என்ற கன்சர்வேடிவ் உறுப்பினர்.

முன்னவரைக் கேட்கிறேன்: சீட்டின்றிப் பை இல்லை, தன் வறுமையைப் பிறரிடம் விண்டுரைக்காமல் சீட்டு இல்லை. மானத்தை அடகு வைத்து மூன்று நாள் உணவு பெறுவது இலவசமா? இரவச்சம் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் படித்தோர்க்குத் தெரியும், அதன் விலை என்னவென்று! பின்னவரைக் கேட்கிறேன்: கூரை ஒழுகுகிறது, கீழே பாத்திரம் வைத்தவனைப் பாராட்டுவது நன்று. ஆனால், கூரை வேய வேண்டியவனே பாத்திரத்தைக் காட்டிப் பூரிப்பதா?

ஒழுகியது எங்கே? சொல்கிறேன். வேலையிழந்தோர் அரசு உதவித் தொகைக்கு விண்ணப்பித்தால், முதல் தொகை வர ஐந்து வாரக் காத்திருப்பு. இடையிலே முன்பணம் வேண்டுமெனில் அது கடன்! வயிறு ஐந்து வாரம் காத்திருக்குமா? 2017-இலே, மூன்றாவதாகப் பிறந்த குழந்தைக்கு உதவித் தொகை இல்லை என்றொரு விதி! அண்ணன் பசித்தால் சோறு, தம்பி பசித்தால் சட்டப் புத்தகம்! இந்த விதியை நீக்குவதென 2025-இலேதான் அறிவித்தனர்.

வரலாற்றைப் புரட்டுங்கள். 1601-இலே எலிசபெத் அரசி காலத்து ஏழையர் சட்டம், வறியோரை ஆலய வட்டாரத்தின் பொறுப்பிலே விட்டது. 1697-இலே, உதவி பெறுவோர் ஆடையிலே அடையாளம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தனர். 1834-இலே, வறியோரை வேலை இல்லங்களிலே அடைக்க வழி செய்தனர். அந்தக் கொடுமைகளையெல்லாம் கண்ட மக்கள் கொதித்தனர். 1942-இலே பெவரிட்ஜ் அறிக்கை, வறுமையைச் சமுதாயம் வீழ்த்த வேண்டிய ஐந்து அரக்கர்களுள் ஒன்று என்றது. 1948-இலே ஏழையர் சட்டம் ஒழிந்தது. பிச்சை போயிற்று, உரிமை வந்தது என்றனர்!

வந்த உரிமை தேய்ந்து, ஆலய வாசலுக்கே மக்கள் மீண்டும் அனுப்பப்படுகின்றனர். ஆடையிலே அடையாளம் இல்லை, கையிலே சீட்டு. மாறியது அவ்வளவே!

ஆலயத்தாரை ஏசுகிறேனா? இல்லை! கொட்டும் குளிரிலே கதவு திறந்து, தேநீர் தந்து, குறை கேட்கும் அந்த உள்ளங்களை வாழ்த்துகிறேன். உணவு வங்கியே தேவைப்படாத நாடு வேண்டும் என்பதுதான் அந்த அறநிலையத்தாரின் வேண்டுகோள். கொடுப்பவன், என் கடையை மூடும் நாள் வராதா என்று ஏங்குகிறான். கொற்றம் நடத்துவோரோ, கடை நன்றாக நடக்கிறது என்று களிக்கின்றனர்!

அருள் உள்ளவன் கொடுப்பான். அவன் கை ஓய்ந்தால்? அண்டையார் அள்ளித் தருவர். அவர் வீட்டிலும் அடுப்பு அணைந்தால்? அறம் இன்று வரும், நாளை வராது போகலாம். உரிமையோ கேட்டுப் பெறத்தக்கது. மறுத்தால் மன்றம் ஏறத்தக்கது. கொடுக்கும் கையை வாழ்த்துவோம். ஆனால், அந்தக் கையின் மறைவிலே ஒளிந்து கொள்ளும் கொற்றத்தை வெளியே இழுத்து, பதில் சொல் என்று கேட்போம்!