சேர்ந்த பிறகு மாறிய விதி

ஆடை வடிவமைப்பில் இளநிலைப் பட்டம் பெற பிரிட்டனுக்குச் செல்லும் அயல்நாட்டு மாணவர்களில் பலர் நேராகப் பட்டப்படிப்பில் சேர்வதில்லை. அதற்கு முன் ஓராண்டு ஆயத்தப் படிப்பு ஒன்றை முடிக்கிறார்கள். லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமான லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷன், சர்வதேச மாணவர்களுக்கென்றே இத்தகைய படிப்பை நடத்திவந்திருக்கிறது. குடும்பங்கள் பணம் திரட்டுவதும் கடன் வாங்குவதும் இந்த ஓராண்டையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான். பிரிட்டனின் குடிவரவு விதிகளை எழுதுவோரின் கணக்கில் மட்டும் அந்த ஓராண்டு இடம்பெறவில்லை. பட்டம் பெற்றபின் அங்கே தங்கி வேலை பார்க்க அனுமதிக்கும் பட்டதாரி விசாவின் காலத்தை 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைத்திருக்கிறார்கள். குறைத்த விதத்தில், ஆயத்தப் படிப்பு வழியாக வந்தவர்களுக்கு இழைக்கப்பட்டிருப்பது அப்பட்டமான அநீதி.

ஆயத்தப் படிப்பின் தேவை, இந்தியப் பள்ளிக் கல்வியின் இயல்பிலிருந்து எழுகிறது. பிளஸ் டூ வரை இங்கே மதிப்பெண் கிடைப்பது முடிந்த விடைக்கு. ஆடை வடிவமைப்புக் கல்லூரி கேட்கும் போர்ட்ஃபோலியோவிலோ முடிந்த படத்தைவிட அது வந்த பாதைக்கே மதிப்பு அதிகம். அடித்துத் திருத்திய கோடுகள், ஒட்டிவைத்த துணித் துண்டுகள், சரிவராமல் பிரித்துப்போட்ட தையல், ஏன் பிரிக்க நேர்ந்தது என்ற குறிப்பு ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆயத்த ஆண்டில் மாணவர்கள் உயிருள்ள மனித உருவைப் பார்த்து வரைகிறார்கள். தாளில் பேட்டர்ன் வெட்டப் பழகுகிறார்கள். காடாத் துணியைப் பொம்மையின் மேல் போர்த்தி, குண்டூசி குத்தி, தோளிலும் இடுப்பிலும் துணி எப்படி விழுகிறது என்று கண்டுகொள்கிறார்கள். செய்ததைச் சக மாணவர்கள் முன்வைத்து, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் வாதம் எழுதவும் பயிற்சி உண்டு. பட்டப்படிப்புக்குக் கீழான படிப்பின் விசாவுக்கு ஆங்கிலத்தில் பி1 நிலை போதும்; பட்டப்படிப்புக்கு பி2 வேண்டும். அந்த இடைவெளியும் இந்த ஓராண்டில்தான் நிரப்பப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, கொல்கத்தாவின் அலிப்பூரில் வளரும் ஒரு மாணவிக்கு இத்தகைய படிப்புக்கான மூலப்பொருளில் குறையே இல்லை. 1876-இல் திறக்கப்பட்ட விலங்குக்காட்சி சாலையில் வரிகளும் புள்ளிகளும் செதில்களும் வரைந்து பழகக் காத்திருக்கின்றன. 1820-இல் தொடங்கப்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டமும் அங்கேதான் இருக்கிறது. ஜட்ஜஸ் கோர்ட் சாலையில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் மனையியல் துறை இயங்குகிறது. பெல்வெடியர் வளாகத்தில் தேசிய நூலகம் இருக்கிறது. கிதர்பூரைக் கடந்து மேற்கே போனால் மெட்டியாபுரூஸ். அவத் நாட்டை இழந்த நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் கல்கத்தா வந்து அங்கே குடியேறியபோது அவருடைய பரிவாரத்தோடு தையற்காரர்களும் வந்தார்கள். இன்றும் அந்தப் பகுதி ஆயத்த ஆடைத் தொழிலால் வாழ்கிறது. தையல் கூடம் நடத்துபவரை ஒஸ்தாகர் என்கிறார்கள். அடுக்கிய துணியில் ஒரே வெட்டில் பல உருப்படிகளை எடுக்கும் அவர்களுடைய கணக்கைப் பாடநூலில் கற்க முடியாது. பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போடும் காந்தா, பிஷ்ணுபூரின் பாலுச்சரி, புலியாவின் ஜம்தானி எல்லாம் அதே மாநிலத்தின் சொத்து. மதுரைச் சுங்குடியையும் காரைக்குடிக் கண்டாங்கியையும் பார்த்து வளர்ந்தவருக்கும் இதே வளம் வேறு உருவில் கிடைக்கிறது. இந்த வளத்தைப் போர்ட்ஃபோலியோவாக மாற்றும் முறையைக் கற்கத்தான் அந்த ஓராண்டு.

வெளிநாட்டுக்குப் போகாமலே ஆடை வடிவமைப்பு கற்கலாம் என்பது உண்மை. தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் 1986-இல் தொடங்கப்பட்டு, 1995-இல் கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்தது. அதன் கொல்கத்தா வளாகத்தில் 1999-இல் படித்து வெளிவந்தவர்தான் ஆடை வடிவமைப்பாளர் சப்யசாசி முகர்ஜி. ஆனால் அவருடைய வரலாற்றிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. 2001-இல் ஃபெமினா, பிரிட்டிஷ் கவுன்சில் இணைந்து வழங்கிய இளம் வடிவமைப்பாளர் விருது அவரை பிரிட்டனுக்கு அழைத்துச் சென்று, அங்கத்திய வடிவமைப்பாளர் ஜார்ஜினா வான் எட்ஸ்டார்ஃபிடம் பயிற்சி பெறவைத்தது. படிப்புக்குப் பின் ஒரு தேர்ந்த பட்டறையில் கழிக்கும் காலம் ஒரு வடிவமைப்பாளரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. இப்போது வெட்டப்பட்டிருப்பது துல்லியமாக அந்தக் காலம்தான்.

விசா காலத்தைக் குறைத்த முடிவின் விவரம் இது. 2025 மே 12-இல் வெளியான வெள்ளை அறிக்கை அதை முன்மொழிந்தது. அக்டோபரில் அது விதியானது. 2027 ஜனவரி 1 முதல் பட்டதாரி விசாவுக்கு விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதம்தான். முனைவர் பட்டம் பெற்றோருக்கு மட்டும் 3 ஆண்டு நீடிக்கிறது. படிப்பில் சேர்ந்த தேதியை இந்த விதி பார்க்கவே இல்லை. படிப்பு முடிந்து விசாவுக்கு விண்ணப்பிக்கும் தேதியை மட்டுமே பார்க்கிறது. அநீதி முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

2024 செப்டம்பரில் ஆயத்தப் படிப்பில் சேர்ந்த ஒரு மாணவி 2025 செப்டம்பரில் பட்டப்படிப்புக்குச் செல்கிறார். அவர் பட்டம் பெறுவது 2028-இல். நடுவில் ஓராண்டு தொழிற்பயிற்சிக்குப் போனால் 2029. அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது நடைமுறையில் இருந்த விதி 2 ஆண்டு தங்கலாம் என்றது. கிடைக்கப்போவது 18 மாதம். அவருக்கு ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பரில் ஓராண்டு முதுநிலைப் படிப்பில் சேர்ந்தவரோ படிப்பை முடித்து 2026 இறுதிக்குள் விண்ணப்பித்தால் முழுதாக 2 ஆண்டு பெறுகிறார். அவர் சேர்ந்தபோது வெள்ளை அறிக்கை வெளியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது, தெரிந்தே போனார். தெரிந்துகொள்ள வழியே இல்லாத காலத்தில் போனவர், நான்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தியும் ஆறு மாதம் குறைவாகப் பெறுகிறார். எந்தக் கணக்கில் இது நியாயம்?

முன்கூட்டியே அறிவித்துவிட்டோம் என்பது விதி எழுதுவோரின் பதில். முன்கூட்டி என்பது யாருக்கு? இனிமேல் சேரப்போகிறவர்களுக்கு அந்தப் பதில் பொருந்தலாம். படிப்பின் பாதியில் இருப்பவர் அறிவிப்பைப் படித்து என்ன செய்ய முடியும்? கட்டிய கட்டணம் திரும்பி வராது. ஆயத்தப் படிப்பை மட்டும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினால் பட்டதாரி விசாவுக்குத் தகுதியே கிடையாது. அதற்குப் பட்டம் வேண்டும். தொடர்ந்து படிப்பதைத் தவிர வழியற்றவர்களிடம் அறிவிப்பை நீட்டுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

செலவையும் பார்க்க வேண்டும். லண்டனில் படிக்கச் செல்பவர் கல்விக் கட்டணத்துக்கு மேல் மாதம் 1,529 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கான வாழ்க்கைச் செலவை வங்கிக் கணக்கில் 28 நாள் தொடர்ந்து காட்ட வேண்டும். நம் பணத்தில் அது சுமார் 16 லட்சம் ரூபாய். சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு. விசா கட்டணம் தனி. ஆயத்தப் படிப்புக்கு ஒரு விசா, பட்டப்படிப்புக்கு இன்னொரு விசா என்று இரண்டு முறை இந்தப் படியைக் கடக்க நேர்பவர்கள் உண்டு. பேட்டர்ன் தாள், காடாத் துணி, கத்தரிக்கோல், அச்சிடும் செலவு என்று மற்றப் படிப்புகளில் இல்லாத செலவுகளும் இந்தப் படிப்பில் சேரும்.

ஆறு மாதம்தானே என்று கேட்போர் ஆடைத் தொழிலின் நாட்காட்டியை அறியாதவர்கள். லண்டன் ஃபேஷன் வீக் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நடக்கிறது. பிப்ரவரியில் மேடையேறும் உடை கடைக்கு வருவது இலையுதிர் காலத்தில். அதற்கு முன்னால் துணி தேர்வு, மாதிரித் தையல், அளவு பார்த்தல், திருத்தம் என்று பல மாத வேலை கிடக்கிறது. ஒரு தொகுப்பின் முதல் கோட்டிலிருந்து விற்பனை வரை கூடவே இருக்க ஏறத்தாழ ஓராண்டு ஆகும். கோடையில் பட்டம் பெற்று, சில மாதம் வேலை தேடி, ஒரு சிறிய பட்டறையில் உதவியாளராக நுழைபவர் முதல் சுற்றில் வேலை கற்கிறார். இரண்டாம் சுற்றில்தான் முதலாளியின் கண்ணில் படுகிறார். அந்த இரண்டாம் சுற்று முடியுமுன்பே 18 மாதம் தீர்ந்துவிடுகிறது.

அதன் பிறகும் தங்க வேண்டுமென்றால் திறன் பணியாளர் விசா வேண்டும். அதற்கான பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலுக்கு முன் ஆண்டுக்கு 26,200 பவுண்டு. அதை முதலில் 38,700 ஆக்கினார்கள். 2025 ஜூலையில் 41,700 ஆக்கினார்கள். புதிதாக வேலைக்கு வரும் பட்டதாரிகளுக்குச் சலுகை வரம்பு உண்டு. அதுவே 33,400 பவுண்டு. வேலை கொடுப்பவர் அரசிடம் ஸ்பான்சர் உரிமமும் பெற்றிருக்க வேண்டும். நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறை ஒன்று தன் இளைய உதவியாளருக்கு இந்தச் சம்பளத்தைத் தரவோ உரிமத்துக்கு அலையவோ முன்வருவது கடினம். ஏறவேண்டிய படியை உயர்த்திய கையோடு ஏறுவதற்கான நேரத்தையும் குறைத்திருக்கிறார்கள்.

பட்டதாரிகள் தகுதிக்கேற்ற வேலைக்குப் போகவில்லை என்பதே குறைப்புக்குச் சொல்லப்பட்ட காரணம். குடிவரவு குறித்து பிரிட்டிஷ் அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழு இதே விசாவை ஆராய்ந்து, பரவலான முறைகேடு எதுவும் தென்படவில்லை, இதை உள்ளபடியே தொடரலாம் என்று 2024 மே மாதம் அறிக்கை தந்தது. ஆட்சி மாறி ஓராண்டு முடிவதற்குள் அந்தப் பரிந்துரை மதிப்பிழந்தது. நிபுணர்களைக் கேட்டுவிட்டு அவர்கள் சொன்னதை ஒதுக்குவது என்றால் கேட்டதன் பயன் என்ன?

பிரிட்டிஷ் அரசின் மேசைகளிலிருந்து இப்படிப்பட்ட முடிவு வருவது முதல் முறையும் அல்ல. இதேபோன்ற 2 ஆண்டு வேலை விசாவை 2012 ஏப்ரலில் அடியோடு ஒழித்தார்கள். அங்கே படித்த இந்திய மாணவர் எண்ணிக்கை அடுத்த சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே சரிந்தது. தவறு என்று உணர்ந்து விசாவைத் திரும்பக் கொண்டுவர 2021 ஜூலை வரை ஆனது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டில் படித்து முடித்தவர்களுக்கு எவரும் ஈடு செய்யவில்லை. 2014-இல் விசாவுக்கான ஆங்கிலத் தேர்வில் முறைகேடு நடந்ததாக ஒரு விவகாரம் வந்தது. சில மையங்களில் ஆள்மாறாட்டம் நடந்ததைத் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியதும், சுமார் 58,000 தேர்வுகளில் 97 சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்று தேர்வு நிறுவனம் கொடுத்த பட்டியலை அப்படியே நம்பி விசாக்களை ரத்து செய்தார்கள். தவறு செய்யாதவர்களும் அதில் சிக்கினார்கள். தம் குரல் பதிவைக் கேட்கவும் நாட்டுக்குள் இருந்து மேல்முறையீடு செய்யவும் முடியாமல் அவர்கள் தவித்தார்கள். பிரிட்டனின் தணிக்கை அலுவலகமே 2019-இல் அந்த நடவடிக்கையில் குறை கண்டது. 2018-இல் மாணவர் விசாவுக்கான ஆவணச் சலுகைப் பட்டியலை விரிவாக்கி, சீனாவைச் சேர்த்து, இந்தியாவை வெளியே நிறுத்தினார்கள். 2021-இல் கலை, வடிவமைப்புப் பாடங்களுக்கான கூடுதல் மானியத்தை மாணவருக்கு 243 பவுண்டிலிருந்து 121.50 பவுண்டாகப் பாதியாக்கினார்கள். அந்தப் பள்ளத்தை நிரப்பக் கல்லூரிகள் அயல்நாட்டு மாணவரின் கட்டணத்தை மேலும் நம்ப நேர்ந்தது. இன்று அதே மாணவருக்குத்தான் வாயிலைக் குறுக்குகிறார்கள்.

விசா காலத்தைக் குறைத்த அதே ஆண்டில், 2025 ஜூலை 24-இல், இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்திய ஆயத்த ஆடைகள் மீது அங்கே விதிக்கப்பட்டுவந்த வரியை நீக்க அந்த ஒப்பந்தம் வகை செய்கிறது. திருப்பூர் அதை வரவேற்றதில் வியப்பில்லை. ஆனால் திருப்பூர் பனியனும் மெட்டியாபுரூஸ் சட்டையும் அந்தச் சந்தையில் நல்ல விலை பெற வேண்டுமானால், அங்கத்திய உடல் அளவும் ரசனையும் விற்பனைக் காலமும் அறிந்த வடிவமைப்பாளர்கள் இங்கே வேண்டும். அந்த அறிவு அந்த நாட்டுப் பட்டறைகளில் வேலை செய்தால்தான் வரும். இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக 1866-இல் பிரிட்டனின் ஃபோர்ப்ஸ் வாட்சன் தொகுத்தது, இங்குள்ளோர் உடுத்துவதை அந்த நாட்டு ஆலைக்காரர்கள் அறிந்து பிரதி செய்யவேண்டும் என்பதற்காக. இங்கிருந்து போய்க் கற்பவருக்கு இரண்டு ஆண்டு கொடுப்பது அவர்களுக்கு இன்று பெரிதாகத் தெரிகிறது.

2027-க்கு முன்பே ஆயத்தப் படிப்பிலோ பட்டப்படிப்பிலோ சேர்ந்துவிட்டவர்களைத் தனியாகக் கருதும் ஓர் ஏற்பாடு வேண்டும். அதன் வடிவத்தை விதி எழுதுவோர் பல்கலைக்கழகங்களோடு கலந்து முடிவு செய்யட்டும். வர்த்தகத்துக்காக எத்தனையோ சுற்றுப் பேசிய இந்திய அரசு, இதையும் லண்டனுடன் பேச வேண்டும். மேற்கு வங்க, தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதற்கு அழுத்தம் தரலாம். மாணவர்களை அனுப்பும் பள்ளிகளும் முகவர்களும் புதிய காலக் கணக்கை இப்போதே பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். 2024-இல் ஆயத்தப் படிப்பில் சேர்ந்தவர்கள் பட்டம் பெற 2028 கோடை வரை காலம் இருக்கிறது. விதியைத் திருத்த அந்தக் காலம் தாராளமாகப் போதும்.