மாறச் சொன்னார்கள், அளக்கச் சொல்லவில்லை

ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிளவுட் மாற நினைக்கும் வாடிக்கையாளரை இரண்டு மாத நோட்டீசுக்கு மேல் காக்க வைக்க முடியாது. பொதுவாக அடுத்த முப்பது நாளுக்குள் மாற்றம் முடிய வேண்டும். 2027 ஜனவரி 12 முதல் எக்ரெஸ் உட்பட மாறுதல் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது. ஐரோப்பிய நிறுவனங்களின் இன்ஃப்ராவைச் சென்னையிலும் கோவையிலும் இருந்தபடி பராமரிக்கும் வாசகர்களின் மேசைக்கு இந்தச் சட்டம் மைக்ரேஷன் திட்டமாக வந்து சேரும். கட்டணம் ஒழிவதை இந்த இதழ் மனமார வரவேற்கிறது. சட்டம் வழியில் கைவிட்ட ஒன்றைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

2022 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த வரைவைப் புரட்டிப் பாருங்கள். மாறிப்போன இடத்தில் சேவையின் முக்கியக் கூறுகள் பழைய இடத்தின் அதே செயல்திறனோடும் அதே தரத்தோடும் இயங்க வேண்டும் என்று அதில் இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. ஒரே உள்ளீட்டுக்குப் பெருமளவு ஒப்பிடத்தக்க விளைவு வந்தால் சரி. அதற்கும் பழைய வழங்குநர் தன்னால் இயன்ற நியாயமான முயற்சிகளை எடுத்தால் போதும். அடுத்தவர் டேட்டா சென்டரின் வேகத்துக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவது என்று வழங்குநர்கள் கேட்டால் அதில் நியாயம் உண்டு. பொறுப்பை நீக்கியதில் நமக்கு ஆட்சேபமில்லை. கூடவே அளவையும் நீக்கிவிட்டார்களே, அதுதான் வழக்கு.

கருவி இல்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. கூகுள் 2015-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட பெர்ஃப்கிட் பெஞ்ச்மார்க்கர் நம்மில் பலருக்குக் கைவந்த கமாண்ட் லைன் கருவி. கிளவுட் ஃபிளாகை மாற்றினால் அதே எஃப்ஐஓ, அதே ஐபெர்ஃப், அதே கோர்மார்க் ஏடபிள்யூஎஸ்ஸிலும் அஷூரிலும் ஜிசிபியிலும் ஓடும். விஎம் எழுப்புவது முதல் கலைப்பது வரை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அதை ஒருமுறை ஓட்டி, வந்த எண்ணை ஸ்லைடில் ஒட்டுவதற்குப் பெயர் அளத்தல் ஆகாது. ஏடபிள்யூஎஸ்ஸில் 100 கிகாபைட் ஜிபி2 வால்யூம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை வேகம் 300 ஐஓபிஎஸ்; கிரெடிட் உள்ளவரை 3000. புது வால்யூம் 54 லட்சம் கிரெடிட்டோடு வருகிறது. பத்து நிமிட எஃப்ஐஓ ரன் முழுக்க 3000 காட்டும், எல்லோரும் கைதட்டுவார்கள். விடாமல் ஓட்டினால் சுமார் 33-ஆவது நிமிடத்தில் கிரெடிட் தீர்ந்து, எண் 300-க்கு விழும். ‘நான்கு விசிபியு’ கதையும் இதுதான். இன்டெல் இன்ஸ்டன்ஸில் அது பெரும்பாலும் இரண்டு கோரின் நான்கு திரெட். கிராவிடானில் நான்கு முழுக் கோர். ஜிசிபியின் இ2-வில் இன்டெல் வருமா, ஏஎம்டி வருமா என்பதே விஎம் எழும்போதுதான் தெரியும். கோயம்பேட்டில் வெங்காயம் நிறுக்கும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை வேண்டும், விசிபியுவுக்கு வேண்டாம்.

எனவே ரன் ஸ்டேஜ் ஃபிளாகைப் பயன்படுத்துங்கள். புரொவிஷன், பிரிப்பேர் இரண்டையும் ஒருமுறை முடித்துவிட்டு, ரன் கட்டத்தை மட்டும் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டினால் நேரத்துக்கு நேரம் உள்ள வேறுபாடு தெரியும். டியர்டவுன் செய்து புதிதாக எழுப்பி ஓட்டினால் ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் உள்ள வேறுபாடு தெரியும். இரண்டும் வேண்டும். சராசரியோடு நிற்காமல் பி99-ஐயும் பாருங்கள். ஜேசனில் ஒவ்வொரு சாம்பிளோடும் வரும் லேபிள்களைத் தூக்கி எறியாதீர்கள். எந்த சிபியு, எந்த ஜோன் என்பதற்கு நாளைக்கு அதுதான் சாட்சி.

இத்தனையும் செய்த பிறகு முடிவை வெளியிடலாமா? இந்த இதழ் தொடங்கிய நாளிலிருந்து கேட்டுவரும் கேள்வி இது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேவிட் டெவிட் 1980-களின் தொடக்கத்தில் டேட்டாபேஸ்களை அளந்து முடிவுகளை வெளியிட்டார். ஆரக்கிளுக்கு அந்த எண்கள் சாதகமாக இல்லை. அனுமதியின்றி பெஞ்ச்மார்க் வெளியிடத் தடை போடும் உரிம ஷரத்துக்கு அன்றிலிருந்து அவர் பெயரே நிலைத்துவிட்டது. டேட்டாபிரிக்ஸ் தன் ஒப்பந்தத்திலிருந்து அதை நீக்க 2021 வரை ஆனது. ஏடபிள்யூஎஸ் வெளியிட அனுமதிக்கிறது: மறுபடி ஓட்டிப் பார்க்கத் தேவையான விவரம் முழுவதையும் தர வேண்டும், பதிலுக்கு உங்கள் சேவையை அவர்களும் அளந்து வெளியிடலாம். முதல் நிபந்தனை நேர்மையானது, எல்லோருக்குமான சட்டமாகவே ஆக்கத் தகுந்தது. ஆக்கினார்களா? கட்டணத்துக்கும் நோட்டீசுக்கும் பிரிவு பிரிவாக எழுதிய பிரஸ்ஸல்ஸ்காரர்களுக்கு, வாடிக்கையாளர் தன் காசில் வாங்கி அளந்ததை வெளியிட எந்த ஒப்பந்தமும் தடை போடக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க மனம் வரவில்லை. டேட்டாவை எடுத்துப் போகலாமாம். எங்கே வேகம், எங்கே மந்தம் என்று ஊருக்குச் சொல்வது மட்டும் வழங்குநரின் தயவாம். நள்ளிரவில் அலர்ட் அடித்து எழுந்து உட்காருகிறவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த ஓட்டை விழுந்திருக்காது.

ஆணையம் 2028 செப்டம்பர் 12-க்குள் இந்தச் சட்டத்தை மதிப்பீடு செய்தாக வேண்டும். அன்று நீட்ட நம் கையில் எண்கள் இருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுக்கும் முன்பே பழைய கிளவுடை அளந்து வையுங்கள். கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டால் அவகாசம் கிடைக்காது. அந்த எண்களைப் புதிய ஒப்பந்தத்தின் இணைப்பாக்குங்கள். வெளியிடும் உரிமையைப் பேரம் பேசும்போதே கேட்டு வாங்குங்கள். இந்த இதழின் பங்குக்கு ஒன்று: கான்ஃபிக் ஃபைலும் ஜேசனும் இணைக்காத பெஞ்ச்மார்க் கட்டுரை எதையும் அடுத்த இதழ் முதல் பிரசுரிக்க மாட்டோம். விளம்பரதாரர் அனுப்பினாலும் இதே விதிதான்.