இட்லி இறங்கிருச்சு, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?

ஜேடர்பாளையத்துக் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியே காலம் தள்ளியவர் என் பெரியப்பா. முதலில் சோறு அடைத்தது, பிறகு கஞ்சி. மூன்று மாதம் 'கேஸ் ட்ரபுள்' என்று மாத்திரை வாங்கித் தின்றார். உணவுக்குழாயில் புற்று என்று தெரிந்தபோது, முதலில் கரண்ட், கூடவே வாரம் ஒரு கீமோ, அப்புறம் ஆபரேஷன் என்றார்கள். கரண்ட் முடிந்து சில வாரத்தில் இட்லி இறங்கியது. "அதான் இறங்குதே கண்ணு, அப்புறம் எதுக்கு அறுக்கோணும்?" என்றார். ஆபரேஷனுக்குப் போகவில்லை. ஒன்பதாவது மாதம் தண்ணீரும் இறங்கவில்லை.

இதைப் 'படிக்காதவங்க அறியாமை' என்று முடித்துவிடுகிறவர்கள்மீதுதான் என் கோபம். அவர் கேட்டது மடத்தனமான கேள்வி இல்லை. டாக்டர்களே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

2012இல் வெளியான நெதர்லாந்தின் கிராஸ் ஆய்வைப் பாருங்கள். நேரே அறுவைக்குப் போனவர்களில் பாதிப் பேர் 24 மாதத்தைத் தாண்டினார்கள். 23 தவணைக் கதிர்வீச்சும் 5 வாரக் கீமோவும் முடித்து அறுவைக்குப் போனவர்களில் பாதிப் பேர் 49 மாதத்தைத் தாண்டினார்கள். இந்தியாவில் அதிகம் வருவது செதிள் செல் வகை. அந்த வகையில், கதிர்வீச்சுக்குப் பின் வெட்டியெடுத்த குழாயைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புற்றணுவே மிச்சமில்லை.

சரி, மீதிப் பாதி? அவர்களில் பலருக்கும் இட்லி இறங்கியிருக்கும். கட்டி சுருங்கினால் வழி திறக்கும், அவ்வளவுதான். நோய் போய்விட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அறுக்காமல் காத்திருந்து பார்க்கலாமா என்று அதே நாட்டில் சானோ ஆய்வு நடந்தது. புற்று மிச்சமில்லை என்று சோதனையில் தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்த வழி. காத்திருப்பது என்றால் வீட்டில் சும்மா இருப்பதல்ல. குறித்த இடைவெளியில் எண்டோஸ்கோப்பி, பயாப்சி, ஸ்கேன் எல்லாம் உண்டு. திரும்ப வந்தால் ஆபரேஷன்.

இதில் ஒரு வார்த்தையாவது பெரியப்பாவிடம் யாராவது சொன்னார்களா? சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார்கள். 'காப்பீடு இருக்கே' என்பீர்கள். சிகிச்சைக்கு இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் பஸ் ஏறிப்போய் வந்தவருக்கும், கூடப்போன பெரியம்மாவுக்கும் போன கூலியை எந்தக் காப்பீடு தந்தது? அத்தனை நாள் கூலியை இழந்துவிட்டு, இட்லியும் இறங்கும்போது, மறுபடி கத்திக்குக் கிளம்பு என்றால் அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டாமா?

"குழாய் திறந்திருக்குங்க. நோய் போயிருச்சான்னு இன்னும் தெரியாது." இதைச் சொல்ல எந்த மெஷினும் வேண்டாம். முதல் நாளே, உட்காரவைத்து, தமிழில் சொன்னால் போதும்.