சைக்கிள் ஓட்டக் கார் வேண்டும்

சைக்கிள் ஓட்டுவதற்குக் கார் வேண்டும் என்ற காலம் ஜெலாப்பாங்கில் எப்போது வந்தது என்று யாராவது சொன்னால் தேவலை. ஞாயிறு விடியும் முன்னே எங்கள் தாமானில் கார்களின் பின்னால் சைக்கிள்களை மாட்டுகிறார்கள். கிளெடாங் மலை அடிவாரத்துக்கோ தஞ்சோங் ரம்புத்தான் பக்கமோ போய், காரை நிறுத்த இடம் தேடி, சைக்கிளை இறக்கி, வியர்க்க வியர்க்க மிதித்துவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். வீட்டு வாசலிலிருந்தே மிதித்துப் போனால் என்ன தம்பி என்று ஒருவனைக் கேட்டால், "ரோட்ல எப்படி அங்கிள் போறது, லோரிக்காரன் இடிச்சிட்டுப் போயிருவான்" என்கிறான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. அதுதான் எரிச்சலே.

நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் சைக்கிள் வேலைக்காரச் சாமான். பால்மரம் வெட்டுகிறவர்கள் இருட்டோடு பெரட்டுக்கு அதில்தான் போவார்கள். கனத்த இரும்பு, கம்பி பிரேக், பின்னால் கேரியர். காலையில் அந்தக் கேரியரில் பால் வாளி, சம்பளம் போட்ட அன்று அரிசி மூட்டை, கோயில் திருவிழாவுக்கு அம்மா. வேலை முடிந்து லயத்துச் சுவரில் அது சாய்ந்த பிறகுதான் எங்கள் கைக்கு வரும். சீட்டு எட்டாது, நடுக்கம்பிக்குக் கீழே காலை நுழைத்து அரைப் பெடல் போட்டே பழகினோம். செம்மண் பாதையில் விழுந்தால் முட்டி தேயும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. பழகிவிட்டால் ஜெலாப்பாங் கடைத்தெரு, சிலிபின், கச்சாங் பூத்தே வாங்கப் புந்தோங், தைப்பூசத்துக்குக் கல்லுமலை என்று போய்க்கொண்டே இருக்கலாம். இருட்டும் முன் வீடு திரும்பினால் போதும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. செம்பனை வந்தது, வீடுகள் வந்தன. ஜனம் லயத்தை விட்டு வெளியேறி, தவணையில் ஒரு கப்ச்சாய் மோட்டார் எடுத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். மழையில் நனைந்துகொண்டு மிதித்தவனுக்குத்தான் மோட்டாரின் அருமை தெரியும். குறை சாலை மேலேதான். மெனோரா சுரங்கப் பக்கத்திலிருந்து இறங்கும் நெடுஞ்சாலைச் சரிவையும், பிரேக் பிடிக்காமல் ஜெலாப்பாங் டோலுக்குள் பாய்ந்த லோரிகளையும் இந்த ஊரில் மறந்தவர் இல்லை. 2009இல் அந்த டோலை எடுத்துவிட்டார்கள். லோரிகள் எங்கும் போகவில்லை. மேரு ராயாவில் அமான்ஜாயா முனையம் வந்த பிறகு வெளியூர்ப் பேருந்துகளும் சேர்ந்துகொண்டன. தாமான்களுக்கோ உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வாய். அதுவும் நேராகப் பெரிய ரோட்டில்தான் திறக்கும். பக்கத்துத் தாமானில் இருக்கும் கூட்டாளி வீடு வேலிக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. பையன் அங்கே சைக்கிளில் போக வேண்டுமென்றால் லோரிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு போக வேண்டும். எந்தத் தாய் விடுவாள்? பின்சந்தில் ஓட்டலாம் என்றால் அங்கே வீட்டுக்கு இரண்டு கார்.

அதற்காகப் பையன்கள் ஓட்டாமலா இருக்கிறார்கள்? ஹேண்டலைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றி, சீட்டில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு சரிவில் பறக்கிறார்கள். லாஜாக் சைக்கிள். 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜோகூர் பாருவில் அப்படி ஓட்டிய எட்டுப் பையன்கள் கார் மோதி இறந்தார்கள். வழக்கு 2023 வரை இழுத்தது. காரோட்டியவரைத் திட்டினோம், பெற்றோரைத் திட்டினோம், பையன்களைத் திட்டினோம், போலீஸ் சைக்கிள்களைப் பறிமுதல் செய்தது. பிரேக் இல்லாத சைக்கிளை நான் ஆதரிக்கவில்லை. கண்ணில் பட்டால் நானே பூட்டி வைப்பேன். ஆனால் பகல் வெளிச்சத்தில், பிரேக் உள்ள சைக்கிளில் ஓட்ட அந்த வயசுக்கு எந்த இடத்தை விட்டு வைத்தோம் என்று கேட்க ஆளில்லை. நகரத்துப் பிள்ளைக்கு விளையாட்டுத் திடல் இருக்கிறதே என்பார்கள். அங்கே சைக்கிள் ஓட்டத் தடை என்று பலகை நிற்கிறது.

இத்தனைக்கும் இது சைக்கிளைக் கொண்டாடும் நாடு. 1996லிருந்து லங்காவி சைக்கிள் பந்தயம் நடக்கிறது. அசிசுல்ஹஸ்னி அவாங் 2017இல் கெய்ரின் உலக வெற்றியாளரானார், ரியோவில் வெண்கலம், தோக்கியோவில் வெள்ளி. மேசையைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். கோவிட் அடங்கிய பிறகு 20,000 வெள்ளி கார்பன் சைக்கிள்கூட எங்கள் வரிசை வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஹாலில், சோபாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதே வீட்டுப் பையனின் சைக்கிள் வெளியே மழையில் செயின் துருப்பிடித்துக் கிடக்கிறது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சுங்கை பாரி ஓரமும் மின்கோபுரங்களுக்குக் கீழேயும் சும்மா கிடக்கும் நிலத்தில் இரண்டு மீட்டர் அகலத்துக்குத் தார் போடட்டும். தாமானுக்கும் தாமானுக்கும் நடுவே நிற்கும் வேலியில், மோட்டார் நுழையாத மாதிரி, ஒரு சைக்கிள் போகும் அளவுக்கு வழி விடட்டும். கூட்டங்களில் இதைச் சொன்னால், பாதுகாப்பு என்ன ஆவது, திருடன் வந்துவிட்டால் என்று கேட்கிறார்கள். திருடன் காரில் வருகிறான் ஐயா, முன்வாசல் வழியாகவே வருகிறான்.

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி என்னையும் ஒரு சைக்கிளோட்ட நிகழ்ச்சிக்கு அழைத்தார். கட்டணம் கட்டினால் சட்டை உண்டு, பசியாறல் உண்டு, முடித்தவர்க்கெல்லாம் பதக்கம் உண்டாம். முன்னால் போலீஸ் மோட்டார், பின்னால் ஆம்புலன்ஸ். "வாங்க அங்கிள், அன்னிக்கு ரோடு பூரா நமக்குத்தான்" என்றார். எத்தனை மணி வரைக்கும் என்று கேட்டேன். பத்து மணிக்குத் திறந்துவிடுவார்களாம்.